ஈஸ்வரிக்கு நீ அனுப்பிய எடைக்குறைப்புப் பரிசு

அன்புள்ள அப்பு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் அப்பா நன்றாக இருக்கிறார். போடியில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்க ஆள் பத்தவில்லை. மூன்று நாளாக உனக்குப் போன் போட்டுப் போட்டு என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். "மீட்டிங்ல இருக்கேம்மா", "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்கிறாய். நேற்று ஒரு தடவை எடுத்தாய். நான் விஷயத்துக்கு வந்ததும், "அம்மா, ரிவ்யூ எல்லாம் படிச்சிட்டுத்தான் புக் பண்ணேன், அது சயின்ஸு, உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த சயின்ஸைப் பற்றித்தான் இந்தக் கடிதம். காகிதத்தில் எழுதினால் நீ பாதியில் கட் பண்ண முடியாது. உனக்கு மட்டும் எழுதுவதாகவும் நினைத்துக்கொள்ளாதே. கல்யாணம் பேசி முடித்துவிட்டு, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் போட்டோவை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற எல்லாப் பையன்களும் படிக்கட்டும். அதனால்தான் உன் பெயரைப் போடவில்லை. அந்த மட்டில் நீ பிழைத்தாய்.

மற்றவர்களும் படிப்பதால் சொல்லிவிடுகிறேன். சிலமலையில் உனக்குப் பெண் பார்த்தோம். ஈஸ்வரி. போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பார்த்ததும் உனக்குப் பிடித்தது, எங்களுக்கும் பிடித்தது, நிச்சயம் முடிந்தது, தை பிறந்ததும் கல்யாணம். நீ சென்னைக்குத் திரும்பிப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். நீ அனுப்பியிருந்த படம். போடிமெட்டு தாண்டி அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட்டு, அதற்குள் ஒரு ஸ்பா. உடம்பு முழுக்க ஏதோ பூசி, பிளாஸ்டிக்கைச் சுற்றி, போர்வை போட்டு மூடி வைப்பார்களாம். உடம்பில் உள்ள நச்செல்லாம் வெளியேறிவிடுமாம். ஒரே தடவையில் இடுப்பு இஞ்ச் கணக்கில் குறையுமாம். ஒருத்தருக்கு எடுத்தால் கூட வருகிற ஒருத்தருக்கு இலவசமாம். அதற்குக் கீழே நீ, "மேரேஜுக்கு முந்தி உனக்கு ஒரு சர்ப்ரைஸ் கிஃப்ட்" என்று போட்டு இரண்டு இதயம் வைத்திருந்தாய்.

"அத்தே, நீங்களும் கூட வர்றீங்களா? தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. அம்மாகிட்ட சொன்னா திட்டும்" என்றாள். நான் ஏதோ எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி விடுவார்கள், பெரிய இடத்துப் பழக்கம், மகன் ஆசையாய் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உன் அப்பா எனக்கு இத்தனை வருஷத்தில் வாங்கிக் கொடுத்த பரிசு ஒரு குக்கர், அதுவும் நான் கேட்டு வாங்கியது. அந்த இலவச ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பிலேயே நாங்கள் இரண்டு பேரும் மேலே போனோம். இட்லியும் வெங்காயச் சட்னியும் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள், திறக்கவில்லை. "சாப்பிடாம வரச் சொல்லியிருக்காங்க அத்தே. தண்ணியும் ரொம்பக் குடிக்கக் கூடாதாம்." கொண்டை ஊசி வளைவில் வயிறு புரட்டுமே, அதுவும் நல்லதுக்குத்தான் என்று நான் விட்டுவிட்டேன். முகம் வாடியிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. நிச்சயத்தன்று அந்தக் கழுத்தில் நான்தான் சங்கிலி போட்டேன், அன்றைக்கு எலும்பு தெரியவில்லை. அது என் கண்ணில் பட்டது. ஆனாலும் கேட்கவில்லை.

போகிற வழியில் ஏலக்காய் உலர்த்துகிற நம் ஸ்டோரில் இறங்கினோம். வேலை நடந்துகொண்டிருந்தது, உன் அப்பா அங்கேதான் இருந்தார். ஒரு பொருளை உலர்த்தக் கொடுத்தால், போகும்போது ஓர் எடை, வரும்போது ஓர் எடை போடாமல் நம் வீட்டில் யாரும் நம்பியதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நானும் சொன்னேன், "ஏத்தா, அவங்க தராசை நம்ப வேணாம், நம்ம தராசுல ஏறிட்டுப் போவோம்." மூட்டை போடுகிற தராசில் முதலில் நான் ஏறினேன். "லோடு நல்லாத்தான் இருக்கு" என்றார் உன் அப்பா. அந்தப் பிள்ளை ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டாள். உன் அப்பா எண்ணைக் குறித்துக்கொண்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க போறீங்க, எதுக்குப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். "இதை அனுப்புனது நம்ம மவனா? என்னைய வீடியோ எடுத்தவனா?"

ஞாபகம் இருக்கிறதா அப்பு? இருக்கும். நீதானே அதை ஊரெல்லாம் காட்டினாய். உன் அக்கா கல்யாணத்துக்குத் தைத்த பட்டுச் சட்டை உன் அப்பாவுக்கு வயிற்றில் பட்டன் போட முடியவில்லை. தையல்காரரிடம் போய்ப் பிரித்துத் தைப்பதற்கு வெட்கம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், துண்டைக் கட்டிக்கொண்டு ஏலக்காய் உலர்த்துகிற அறைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுப்பைத் தணித்து வைத்திருந்ததால் மனுஷன் உயிரோடு வந்தார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, தொப்பலாக நனைந்து வெளியே வந்து நேரே தராசில் ஏறினார். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. "பாத்தியாடி" என்று என்னிடம் மார்தட்டினார். அப்புறம் ஒரு சொம்பு மோர் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். ராத்திரி சோறும் கறியும் பிடி பிடியென்று பிடித்தார். விடிந்து தராசில் ஏறினால் பழைய எடை பைசா குறையாமல் நின்றது. பட்டனும் போட முடியவில்லை. கல்யாணப் போட்டோவில் அங்கவஸ்திரத்தை வைத்து மறைத்திருக்கிறார், எடுத்துப் பார். இரண்டு நாள் கழித்து மண்டபத்திலும் அவரிடம் ஏலக்காய் வாசம் அடித்தது.

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தது நீ. "அப்பா, நீங்க பச்சைக்காயா உள்ள போயி காஞ்ச காயா வந்திருக்கீங்க, தண்ணி பட்டதும் மறுபடி பச்சைக்காயா ஆயிட்டீங்க" என்று நீதான் சொன்னாய். அது சயின்ஸ். அதை உனக்கு யாரும் இங்கிலீஷில் சொல்லித்தரவில்லை. பச்சைக்காயை மூட்டை மூட்டையாய் உள்ளே கொட்டினால் உலர்ந்து வருவது கொஞ்சம்தான், போனது அத்தனையும் தண்ணீர் என்று போடியில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். உலர்ந்த காயை மழைக்காலத்தில் திறந்து போட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு எடை கூடும் என்றும் தெரியும். அதனால்தான் வியாபாரிகள் காயை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்துவிட்டு, அதே அறையை ஒரு ரிசார்ட்டுக்காரன் பூ வைத்து, சந்தன வாசம் போட்டு, பாட்டுப் போட்டுக் காட்டினால் நீ காசைக் கட்டுகிறாய். உன் காதில் எவ்வளவு பெரிய பூ சுற்றியிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

உன் அப்பா போக வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான், "புள்ள ஆசைப்பட்டு வந்திருக்கு, மகன் காசு கட்டிட்டான், ஒரு மணி நேரம் படுத்துட்டு வர்றோம்" என்று கிளம்பினேன். இதற்கு உன்னைக் குறை சொல்ல முடியாது, இது என் பங்கு.

அந்த இடம் அழகாய்த்தான் இருந்தது. அரை இருட்டு, எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம். எங்களைக் கவனிக்க வந்த பெண் சின்ன வயசு, பாதி மலையாளம் பாதி தமிழ் பேசினாள். முதலில் டேப் வைத்து இடுப்பு, தொடை, கை எல்லாம் அளந்தாள். "நல்லா ரிலாக்ஸா நில்லுங்க சேச்சி" என்றாள். நின்றோம். தொப்பை தன்னால் முன்னே வந்து நின்றது. எழுதிக்கொண்டாள். "நச்சு நச்சுன்னு சொல்றீங்களே, எந்த நச்சும்மா?" என்று கேட்டேன். "ஸ்ட்ரெஸ், பொல்யூஷன், ஃபுட்ல உள்ளது, எல்லாம் தான் சேச்சி." "அது எங்க இருக்கு?" "ஸ்கின்னுக்கு அடியில." "எப்படி வெளிய வரும்?" "ஸ்வெட்ல வரும் சேச்சி, பேடிக்கண்டா, பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது." அவளைத் திட்ட எனக்கு மனசில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள், சம்பளத்துக்கு நிற்கிறாள்.

ஆனால் நீ கேள். நச்சு என்றால் என்னவென்று இந்த மலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். நம் தோட்டத்தில் மருந்தடிக்க வந்த ஒருத்தர், முகத்தில் துணி கட்டாமல் காற்றுக்கு எதிரே அடித்து, வாயில் நுரை தள்ளி விழுந்ததை நீ லீவுக்கு வந்திருந்தபோது கண்ணால் பார்த்தாய். உன் அப்பா அவரை ஜீப்பில் போட்டுக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கி போடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நீதான் அவர் தலையை மடியில் வைத்திருந்தாய். அங்கே ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள், வயிற்றைக் கழுவினார்கள், விடிய விடியப் பக்கத்தில் நின்றார்கள். எந்த டாக்டராவது, "ஏலக்காய் அரைச்சுப் பூசி பிளாஸ்டிக் சுத்துங்க, வேர்வையில போயிரும்" என்றாரா? நிஜமான விஷத்துக்கே அது வைத்தியமில்லை என்றால், பெயரே தெரியாத விஷத்துக்கு அது எப்படி வைத்தியமாகும்? இவ்வளவு படித்தவனுக்கு இந்தக் கேள்வி ஏன் வரவில்லை?

பச்சை நிறத்தில் ஒரு களிம்பு கொண்டுவந்தாள். களிமண்ணும் காப்பித்தூளும் ஏலக்காயும் கலந்ததாம், மலையின் ரகசியமாம். மோந்து பார்த்தேன். நிறம் செத்த பழைய காய், நம் ஸ்டோரில் தரையில் கிடந்தால் கூட்டித் தள்ளுவோம். அதைக் கழுத்திலிருந்து கால்வரை பூசினாள். அப்புறம் மெல்லிய பிளாஸ்டிக்கை இழுத்து இழுத்துச் சுற்றினாள், கை இரண்டையும் உடம்போடு சேர்த்து. அதற்கு மேல் டிபன் பொட்டலத்துக்குச் சுற்றுகிற வெள்ளித்தாள். அதற்கு மேல் கரண்டில் சூடாகிற போர்வை. அடுத்த கட்டிலில் ஈஸ்வரிக்கும் அதே மாதிரி. "ஒரு மணி நேரம் சேச்சி, நல்லா உறங்குங்க" என்று லைட்டைக் குறைத்துவிட்டு அவள் வெளியே போய்விட்டாள். போன உடனே எனக்கு மூக்கு அரித்தது. சொறியக் கையில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். உன் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்து சிரித்தேன். "ஈஸ்வரி, உன் மாமனாரு இதை ஓசியிலேயே பண்ணிட்டாருத்தா" என்று அந்தக் கதையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தே, ரொம்பச் சூடா இருக்கு" என்றாள். எனக்கும் நாக்கு ஒட்டியது. "கூப்பிடவா?" என்றேன். "வேணாம் அத்தே, முழுசா இருந்தாத்தான் குறையும்" என்றாள். அப்புறம் நான் பேசினால் "ம்" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அந்த "ம்"மும் வரவில்லை.

தூங்கிவிட்டாள் என்று முதலில் நினைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாய்க் கூப்பிட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்தால் வாய் லேசாகத் திறந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. அப்பு, அந்த நிமிஷம் எனக்கு வந்த பயத்தை நான் உன்னைப் பெற்றபோதுகூடப் பட்டதில்லை. எழுந்திருக்க முடியவில்லை. கை கட்டிக் கிடக்கிறது. கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உருண்டேன். கட்டிலிலிருந்து கீழே விழுந்தேன். பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்து, கையை உருவி, கிழித்துக்கொண்டு, உடம்பெல்லாம் களிமண்ணாய், போர்வையை மேலே போட்டுக்கொண்டு கதவைத் திறந்து, "புள்ள மயங்கிக் கிடக்கு, யாராவது வாங்க" என்று அலறினேன். அந்தப் பெண் ஓடிவந்து என்னைப் பார்த்து அவளே பயந்து கத்தினாள். இரண்டு பேருமாக ஈஸ்வரியின் மேலிருந்ததை அறுத்து எடுத்தோம். தரையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தேன். முகத்தில் தண்ணீர் அடித்தோம். கண் திறந்தாள்.

கண் திறந்ததும் அந்தப் பிள்ளை கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? "எடை குறைஞ்சிருக்கா அத்தே?"

தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். அதற்குள் கோட்டுப் போட்ட ஒரு மேனேஜர் வந்தார். "பயப்படாதீங்க மேடம், பாடி கிளீன் ஆகுறப்ப சிலருக்கு இப்படித்தான் வரும், நல்ல அறிகுறி" என்றார். பிளாஸ்டிக்கில் வழிந்து கிடந்த பழுப்புத் தண்ணீரைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு டாக்ஸின் வந்திருக்குன்னு" என்றார். "அது நீங்க பூசுன மண்ணுய்யா" என்றேன். அவர் விடவில்லை, அந்தப் பெண்ணிடம் டேப்பை எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க சேச்சி" என்று சொல்லி, சதை பிதுங்க டேப்பை இறுக்கி அளந்தாள். குறைந்திருக்கிறதாம். குறையாதா பின்னே? இறுக்கமான சாக்ஸைக் கழற்றினால் காலில் பள்ளம் விழுந்திருக்கும், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அது மேடாகிவிடும். அந்தப் பள்ளத்தை அளந்து தருவதற்குப் பெயர் இஞ்ச் லாஸ்.

திரும்பி ஸ்டோருக்கு வந்தோம். நான் வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை, நேரே தராசில் ஏறினாள். ஒரு கிலோ போலக் குறைந்திருந்தது. அப்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பார், அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. செத்துப் பிழைத்து வந்தவள் சிரிக்கிறாள். உன் அப்பா அடுப்பில் கஞ்சி வைத்தார். உப்புப் போட்டு, துவையல் வைத்துக் கொடுத்தார். பசி, தாகம், குடித்தாள். தண்ணீரும் ஒரு சொம்பு குடித்தாள். கட்டிக் கொண்டுபோன இட்லியையும் சாப்பிட்டாள். ஜீப்பு கிளம்புவதற்கு முந்தி, "இன்னொரு தடவை ஏறுத்தா" என்று உன் அப்பாதான் சொன்னார். ஏறினாள். போனதில் முக்காலே மூணு வீசமும் திரும்பி வந்திருந்தது. இதைக் காட்டினால் அவளுக்குப் புரியும், சிரித்துவிடுவாள் என்று அவர் நினைத்திருக்கிறார் பாவம். அவள் தராசிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்று அழுதாள். உன் அப்பா வெளியே போய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம்தான் எல்லாம் சொன்னாள். நிச்சயப் போட்டோ வந்த அன்றைக்கு, "போட்டோல கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுற" என்றாயாம். சிரிக்கிற பொம்மையும் போட்டாயாம், விளையாட்டு என்று அவள் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அப்புறம் இளைத்த பெண்களின் வீடியோவாக அனுப்பியிருக்கிறாய். "ரிசப்ஷன் கவுனுல நல்லா இருக்கணும்ல" என்றிருக்கிறாய். "தினம் காலையில எடை எவ்வளவுன்னு கேப்பாரு அத்தே. குட் மார்னிங்குப் பதிலா அதான் வரும்" என்றாள். ஒரு மாதமாகக் காலையில் ஒரு இட்லி, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒன்றுமில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டு கணக்குச் சொல்லித்தருகிற பெண், அப்பு. இரண்டு தடவை வகுப்பிலேயே கண்ணைக் கட்டியிருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உனக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமாம்.

மறுநாள் போடியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் குறைந்திருக்கிறது, பிரஷர் இறங்கியிருக்கிறது என்றார். நான் நடந்ததைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உடம்புல கழிவை எடுக்கக் கல்லீரல் இருக்கு, கிட்னி இருக்கு. அதுக்கு வேணுங்கிறது தண்ணியும் சோறும் தூக்கமும்தான். பட்டினி போட்டு, தண்ணி குடுக்காம, சூட்டுல கட்டிப் போட்டா, வேலை செய்ற அந்த ரெண்டையும்தான் கெடுக்கிறீங்க" என்றார். கொழுப்பு இப்படிக் கரையாது, வேர்வை மட்டும்தான் போகும் என்றார். நீ படித்த ரிவ்யூவில் இதெல்லாம் போட்டிருக்க மாட்டார்கள்.

நியாயமாகவும் பேசிவிடுகிறேன். அந்தக் களிம்பைக் கழுவியபின் என் முழங்கை இரண்டு நாள் மெத்தென்று இருந்தது. யாரும் கூப்பிடாமல், அடுப்பு இல்லாமல், அரை மணி நேரம் படுத்துக் கிடந்தது சுகமாகத்தான் இருந்தது. "கல்யாண வேலையில அலைஞ்சு களைச்சிருப்ப, நல்லாச் சாப்பிட்டுட்டுப் போயி, எண்ணெய் தேச்சுக்கிட்டுச் சும்மா படுத்திருந்துட்டு வா" என்று நீ அனுப்பியிருந்தால், உன்னை மாதிரி மகன் உண்டா என்று நான் ராசிங்காபுரம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். உடம்பைக் கரைக்க அனுப்பினாய் பார், அங்கேதான் எல்லாம் கெட்டது. நீ அனுப்பியது பரிசே இல்லை. இந்த உடம்பு எனக்குப் போதாது என்று பூச்செண்டில் சுற்றி அனுப்பிய சேதி.

நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கொஞ்சம் யோசி. நம் வீட்டில் சல்லடையில் போட்டுச் சலிக்கையில் கீழே விழுகிற ஒல்லிக்காயை யார் கேட்டார்கள்? மேலே நிற்கிற குண்டுக்காய்க்குத்தான் விலை. அந்தக் குண்டுக்காய்தான் உன்னைக் காலேஜில் படிக்க வைத்தது. அதைவிடு. நிச்சயத்தன்று உனக்கு வேட்டி நிற்கவில்லை. உன் அப்பாவின் பெல்ட்டைக் கொண்டா என்றாய், கொடுத்தேன், கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை. சட்டையை வெளியே விட்டு மறைத்தாய். அந்தப் பிள்ளையும் பார்த்தாள். அவள் உனக்கு ஏதாவது புக் பண்ணி அனுப்பினாளா? தினம் காலையில் உன் தொப்பையை விசாரித்தாளா? நீ வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்துவிட்டு, அவள் தன் தம்பியைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அவன்தான் உனக்கு ஊக்கு கொண்டுவந்து கொடுத்தான். யார் சொல்லிக் கொண்டுவந்தான் என்று உனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

இளைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு பேருமாகக் காலையில் நடங்கள். ராத்திரி சோறு கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதே தட்டில் நீயும் குறைத்துச் சாப்பிடு. மெதுவாகக் குறையும், குறையாமலும் போகும். எனக்கு உன் அக்கா பிறந்தபோது போட்ட சதை இன்றைக்கும் போகவில்லை. உன் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பெரிய நல்லவர் என்று சொல்ல வரவில்லை, குக்கர் கதைதான் உனக்குத் தெரியுமே. ஆனால் நான் அவருக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு பயந்து பயந்து சாப்பிட்டதில்லை. அவ்வளவுதான் கேட்கிறேன். அதைக்கூட நீ கொடுக்க மாட்டாய் என்றால் வேறு எதைக் கொடுக்கப்போகிறாய்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு ஈஸ்வரியை சிலமலை பஸ்சில் ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்று வாழைப்பழமும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு என் கையை விடவில்லை. "அத்தே, அப்பா நாளைக்கு மண்டபத்துக்கு மிச்சத்தைக் கட்டப் போறாரு. கட்ட வேணாம்னு சொல்லணும்னா நான் அதுக்குள்ள சொல்லணும். எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்க அவரைப் பெத்தவங்க, உங்களுக்குத்தான் அவரைத் தெரியும். என்னைய உங்க பொண்ணா நெனச்சு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் அவரைக் கட்டிக்கிறதா வேணாமா?" என்று கேட்டாள்.

வெரசாச் சொல்லிவிட வேண்டியதுதானே. என் மகன் தங்கம், கட்டிக்கோத்தா என்று வாய்க்கு முந்தி வர வேண்டியதுதானே. எத்தனை பேர் வீட்டில் போய் உன்னைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வார்த்தை வரவில்லை, அப்பு. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். அவள் கை என் கையிலிருந்து தன்னால் விலகிப் போனது.

ராத்திரி அவளுக்குப் போன் போட்டு, மண்டபத்துக்குக் கட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லு, உன் அப்பா கேட்டால் அத்தைதான் சொல்லச் சொன்னதாகச் சொல்லு என்றேன். அந்த ஒரு வாரத்தில் மூன்று நாளை நீ மீட்டிங்கிலேயே கழித்துவிட்டாய். எனக்குப் போன் பண்ணாதே. அவளுக்கும் மெசேஜ் போடாதே. லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வா. நேரே சிலமலைக்குப் போ. அவள் அப்பா அம்மா முன்னால் உட்கார்ந்து நடந்ததை உன் வாயால் சொல்லி, அவளிடம் மன்னிப்புக் கேள். அவள் வேண்டாம் என்று சொன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எழுந்து வா. ஊரில் பெண் மேல் பேச்சு வரும். அப்போது நானே போய், குறை பெண்ணிடம் இல்லை, என் மகனிடம்தான் என்று வீடு வீடாகச் சொல்வேன். சரி என்று சொன்னால் அது அவள் பெருந்தன்மை.

எப்படியானாலும் அந்தப் பிள்ளை கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பெற்ற மகனைப் பற்றி ஒரு பெண் கேட்டபோது ஆமாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. வந்து, என்னை அதைச் சொல்ல வை.

அம்மா